இரண்டு ஹேமர், ஒரு நடுச்சுவர்

அட்டனில் டயகம பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில், மடியில் கனமான பெட்டியோடு இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"மொத மெஷின் செவத்துக்குள்ளயே போகலடி. ரெண்டாவது, நாத்தனா வீட்டுக்கே போயிருச்சு."

"ரெண்டும் ஹேமர் தானேக்கா?"

"பேரு அப்படித்தான். டிவி மாட்ட மொதல்ல ஹேமர் டிரில் வாடகைக்கு எடுத்தேன். உள்ளுக்க ரெண்டு பல்லுச் சக்கரம் உரசி அதிருமாம், நாமதான் அழுத்தணும். எங்க வீட்டுக்கும் நாத்தனா வீட்டுக்கும் பொதுவான லயத்து நடுச்செவரு கல்லும் சீமெந்தும், அசையவே இல்ல."

"அப்புறம்?"

"வாடகைக் கடை நானா இந்த ரோட்டரி ஹேமரக் குடுத்தாரு, இப்ப அவருக்குத்தான் திருப்பிக் கொண்டுபோறேன். இதுல பிஸ்டன் காத்த அமுக்கி, அந்தக் காத்தே சுத்தியல் மாதிரி அடிக்குமாம். சும்மா புடிச்சா போதும்னாரு. நான் பழையபடி ஒடம்பப் போட்டு அழுத்திட்டேன், ஓட்டை நாத்தனா பக்கமே போய்த் தொறந்துருச்சு."

"அவங்ககூட நீங்க பேசுறதில்லயே."

"தண்ணி புடிக்கிற பீலியில சண்ட போட்டதுலருந்து பேச்சில்ல. அன்னைக்கு ஓட்டை வழியா, 'அண்ணி, கையில ஏதும் படலயே'ன்னு கேட்டா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"படலன்னேன்."

பஸ் நகர்ந்தது. அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டையப் பூசிட்டீங்களாக்கா?"

"ரெண்டு தரம் சாந்து கொழச்சேன். ரெண்டு தரமும் சட்டியிலயே காஞ்சு போச்சு. அந்தப் பக்கம் அவளும் பூசல. ஏன்னு கேக்காத, எனக்கே வெளங்கல."