பச்சைக் கட்டத்தில் ஒரு மச்சினன்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. நான் பார்க்கும் வேலை அப்படி.

ஐஸ்கிரீமும் பட்டாணியும் உறைய வைத்துச் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் நான் தணிக்கையாளன். எங்கே என்ன கெடுதல் நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண் போடுவேன். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம். இரண்டையும் பெருக்கி வருகிற எண்ணைப் பொறுத்து என் அட்டவணையில் அந்தக் கட்டம் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஆகும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கூடாது என்பதை எங்கள் தொழிலில் இப்படி வண்ணம் பூசிச் சொல்கிறோம்.

எங்கள் மேலாளருக்குப் பச்சைதான் பிடிக்கும். அவருக்குப் பட்டப்பெயரே பச்சைக்கொடி. குளிரறைக்குள் ஆள் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு நான் சிவப்புப் போட்டுக்கொண்டு போனபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுவரைக்கும் யாராவது மாட்டியிருக்காங்களா? உள்ள பொத்தான் இருக்கு, அமுக்கினா காவலாளி அறையில மணி அடிக்கும், அவர் வந்து திறப்பார். இதுக்கு எதுக்குங்க சிவப்பு?" என்றார். மணி அடித்தால் அவர் வருவார் என்று எப்படித் தெரியும் என்றேன். வரமாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் சிவப்புக் கட்டத்தை என் கையாலேயே பச்சையாக்க வைத்தார்கள்.

ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண உள்ளே ஓர் ஆள் வேண்டும். அதுவும், சோதனை என்று தெரியாத ஆள். தெரிந்தவன் பதற மாட்டான்.

பாரபட்சம் கூடாது என்று சீட்டுக் குலுக்கினேன். முதலில் என் பெயரே வந்தது. தணிக்கை செய்கிறவனே அதற்கு உட்படுவது முறையல்ல என்று ஒதுக்கினேன். அடுத்து மேலாளர்; அவருக்கு இரத்த அழுத்தம். அடுத்து காவலாளி, அவர் உள்ளே இருந்தால் மணியோசை கேட்டு யார் வருவது? இப்படி ஒவ்வொரு சீட்டையும் தக்க காரணத்தோடு தள்ளிக்கொண்டே வந்ததில் கடைசியில் என் மச்சினன் மிஞ்சினான். குலுக்கல் என்றால் அப்படித்தான், யாரையும் நொந்து பயனில்லை.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. குளிரறைக்கு அவன்தான் பொறுப்பு. வேலை வாங்கிக் கொடுத்தது நான். வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள், இவன் வீட்டோடு மச்சினன். பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், வருடங்கள் ஓடிவிட்டன. என் துண்டில்தான் தலை துவட்டுவான். என் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "வாங்க மாமா, உட்காருங்க" என்று என் வீட்டுக்குள் என்னையே வரவேற்பான். இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி வரிசைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஆணியில் தொங்கிய அவனுடைய கம்பளிக் கோட்டை முன்பே எடுத்து ஒளித்திருந்தேன். சோதனை என்றால் இருப்பதிலேயே மோசமான நிலையில்தான் செய்ய வேண்டும். "ரெண்டு நிமிஷம்தானே மாமா" என்று வெறும் சட்டையோடு போனான். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் மாமா, மாமா என்று கூப்பிட்டான். பிறகு தட்டினான். அதற்கும் பிறகுதான் பொத்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஊழியர் பயிற்சி போதாது என்று குறித்துக்கொண்டேன். மணி அடித்த மாத்திரத்தில் காவலாளி மூச்சு இரைக்க ஓடி வந்து நின்றார். "சார், உள்ள யாரோ இருக்காங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. ஆனால் ஒரு தடவை ஒழுங்காக நடந்ததை வைத்து முடிவு கட்டுவது தணிக்கைக்கு அழகல்ல. சோதனை நடக்கிறது, உங்கள் இடத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி மணி, மறுபடி வந்தார், மறுபடி அனுப்பினேன். அடுத்த முறை அவர் தாழ்ப்பாளில் கை வைக்கப் போனார். குறுக்கே நின்று, வேலை போய்விடும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு மணி வெகுநேரம் அடித்தது. அவர் வரவில்லை. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று, ஐயா. மணி அடித்தால் காவலாளி வருவதில்லை.

நீங்களே திறந்திருக்கலாமே என்று, வாக்குமூலம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள். அது எப்படி? சோதிக்கிறவன் கை வைத்துவிட்டால் முடிவு கெட்டுவிடும். உள்ளே தட்டுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கும் மனசு அடித்துக்கொள்ளாமல் இல்லை. இருந்தாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

காவலாளி போயிருந்தது என் மனைவியைக் கூட்டிவர. அவள் அதே கிடங்கில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறாள். வந்த வேகத்தில் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான், உதடெல்லாம் நீலம். பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கால்விரல்களைப் பற்றித்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கு நிம்மதி. சேதத்துக்கு நான் போட்டிருந்த ஐந்து நான்காக இறங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் வாய்ப்பு ஏறிவிட்டதால் கட்டம் சிவப்பிலேயே நிற்கிறது. பச்சைக்கொடி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

நேற்று அவனோடு ஆம்புலன்ஸில் ஏறப்போகும்போது என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள இருக்கிறது என் தம்பின்னு தெரிஞ்சேதான் நின்னீங்களா?"

அவளுக்குத் தணிக்கை புரியாது, பாவம். வேறு யாராவது உள்ளே இருந்திருந்தால் முதல் தட்டலுக்கே திறந்திருப்பேன், ஐயா. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினேன் என்று நாளைக்கு என்னைப் பார்த்து ஒருவர் விரல் நீட்டிவிடக் கூடாதல்லவா?