ஒரு திரைக்கு மட்டும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடம். எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் இயந்திரம் வேலை செய்யவில்லை. காலிக் குவளையோடு என் மேசைக்குத் திரும்பி வந்தேன். தண்ணீர் வந்திருந்தால் வழக்கம்போல அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அரட்டை அடித்திருப்பேன். அந்தத் திரையைப் பார்த்திருக்க மாட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றது சுலபம்.

வீட்டில் அடி வாங்கும் பெண்கள் உதவி கேட்பதற்கு ஓர் இணையதளம். பாதுகாப்பு அலுவலகம் ஒன்றுக்காக நாங்கள் கட்டிக்கொடுத்தது. பெண் தன் ரகசிய எண்ணைத் தட்டி, படிவத்தை நிரப்பி, ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துவாள். அங்கே இருக்கும் பெண் அதிகாரி படித்துவிட்டு அதே திரையில் பதில் எழுதுவார். தேவைப்பட்டால் வண்டியோடு வருவார்.

சாதாரணமாக இப்படிப்பட்ட படிவத்தில் நீங்கள் எழுதுவது உங்கள் போனிலேயே இருக்கும். அனுப்பினால்தான் எங்களுக்கு வரும். எங்கள் முறை வேறு. திரையில் தெரியும் ஒவ்வொரு துண்டும், பெட்டியானாலும் பொத்தானானாலும், எங்கள் சர்வரில்தான் உயிரோடு இருக்கும். கம்போனென்ட் என்போம். போனில் தெரிவது அதன் நிழல். ஓர் எழுத்தைத் தட்டினால் அது சர்வருக்கு வரும். சர்வர் திரையை மாற்றிக் கொடுக்கும். ஓர் எழுத்தை அழித்தால் அதுவும் வரும்.

இந்த முறையைச் சொன்னவன் நான்தான். கணவன் பக்கத்தில் வந்தால் அவள் சட்டென்று மூடிவிடலாம், போனில் ஒரு சொல்கூட மிஞ்சாது, பிறகு திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம் என்றேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இன்றும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் சோதனை பார்ப்பவளைச் சல்லடை என்று கூப்பிடுவோம். அவளிடமிருந்து ஒரு தூசிகூடத் தப்பாது. தளத்தைத் திறந்துவிடுவதற்கு முந்தின நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எல்லார் திரையும் தெரியுதே, அந்தப் பக்கம். அதை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

“எழுதி அனுப்பாததை நம்ம படிக்கக் கூடாதுப்பா. பாவம்.”

“எடுத்துட்டேன்னு சொல்றேன்ல.”

அதற்குப் போகும் வழியை மட்டும்தான் எடுத்திருந்தேன். பக்கம் இருந்தது. முகவரி எனக்கு மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் பலர் இப்படி வைத்துக்கொள்வார்கள். ஏதாவது பிழை வந்தால் பார்க்கலாமே என்று.

செவ்வாய் காலை அந்தப் பக்கத்தில் ஐந்து திரைகள் உயிரோடு இருந்தன. நான்காவதில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்.

‘வீட்டுக்காரர் கத்த மாட்டார். வாட்சைக் கழட்டி டேபிள்மேல வைப்பார். அப்புறம்தான்’

கடைசிச் சொல் ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. பிறகு மறுபடியும் வந்தது.

அது எங்கள் அப்பாவின் வாட்ச், இப்போது அண்ணன் கட்டுவது. மேசைக் கண்ணாடியில் முதலில் கொக்கி படும், பிறகு வாட்ச் படும். இரண்டு சத்தம். எந்த அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். எழுதிக்கொண்டிருந்தவர் கீழே முகவரியையும் எழுதினார். எனக்கு அது தேவைப்படவில்லை. என் வீட்டு முகவரி.

அண்ணன், அண்ணி, நான். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர்களுக்குக் கலியாணமாகி நாலு வருடம்.

‘வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?’ என்று படிவத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் அண்ணி எழுதினார்: ‘கொழுந்தன் இருக்கான். அவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க. ரொம்ப பயந்தவன்.’ பிறகு அதை அழித்துவிட்டு ‘கொழுந்தன்’ என்று மட்டும் விட்டுவைத்தார். அழித்த வரியை உலகத்தில் படித்தவன் நான் ஒருவன்தான்.

அன்று அவர் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு மூடிவிட்டார். எனக்கு அவகாசம் கிடைத்தது.

மதியம் இன்னோர் ‘அனுப்பு’ பொத்தான் செய்தேன். நிறம், எழுத்து, அழுத்தும்போது வரும் சின்ன அசைவு, எல்லாம் பழையபடியே. பழையது படிவத்தை அதிகாரியிடம் கொண்டுபோகும். புதியது என்னிடம் கொண்டுவரும். பிறகு சர்வரில் ஒரு நிபந்தனை எழுதினேன். இந்த ஒரு ரகசிய எண்ணுக்கு மட்டும் புதிய பொத்தான். மற்ற பெண்கள் யாருக்கும் எந்தத் தடையும் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று முறை சோதித்தேன். ஒழுங்காக வேலை செய்தது.

அன்று மாலை மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தான்.

“என்னடா கம்ப்யூட்டர் புலி, இன்னிக்கு என்ன வெட்டி முறிச்சே?”

“ஒரு பட்டன் செஞ்சேன்.”

“நாள் முழுக்க ஒரே பட்டனா? கீழ இருக்கற டெய்லர் அரைமணி நேரத்துல நாப்பது தைப்பார்டா. பேசாம அங்க போய்ச் சேந்துக்கோ.” அண்ணி பக்கம் திரும்பினான். “கேட்டியா, உன் கொழுந்தனோட பிரதாபத்தை?”

அண்ணி சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் சிரிக்கலாமோ அவ்வளவு நேரம் சிரித்தார். நானும்.

புதன் காலை அண்ணன் கிளம்பியபின் அண்ணி அனுப்பினார். நான் அலுவலகத்தில் காத்திருந்தேன். பதில் எழுதும் பெட்டியையும் அவர் திரைக்கு மட்டும் மாற்றியிருந்தேன்.

“மேடம், நான் எழுதினது வந்துச்சா?”

“வந்தது. பதற வேண்டாம்.”

“எப்ப வருவீங்க?”

“சில நடைமுறைகள் உள்ளன. அதுவரை வீட்டிலேயே இருங்கள். வெளியேறினால் உங்கள் வழக்கு பலவீனமாகும்.”

சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் படிக்கும்போது அதிகாரி எழுதியது போலத்தான் இருந்தது.

“சரிங்க மேடம். நாலு வருஷத்துல இப்பதான் ஒருத்தர்கிட்ட சொல்றேன். சொன்னதுக்கே பாதி பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு.”

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாலு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அந்தத் தெம்பைக் கொடுத்தவன் நான். இதையும் குறித்துக்கொள்ளலாம்.

என் எண்ணம் இதுதான். பேச ஓர் ஆள் இருந்தால் அவருக்கு ஆறுதல் கிடைக்கும். ஆறுதல் கிடைத்தால் இருந்துவிடுவார். குடும்பம் உடையாது. அண்ணனும் ஒருநாள் மாறுவான்.

வியாழன் காலை சல்லடை வந்தாள்.

“நேத்து பன்னெண்டு பேர் அனுப்பு அழுத்தியிருக்காங்க. அங்க பதினொண்ணுதான் போயிருக்கு. ஒண்ணு எங்கப்பா?”

“அது நான் சும்மா அழுத்திப் பாத்தது.”

“சொல்லிட்டு அழுத்தித் தொலையேன். காலைலருந்து எனக்கு வேலையே ஓடல. யாரோ ஒரு பொம்பளை எழுதினது காத்துல போயிடுச்சோன்னு.”

“அதெல்லாம் போகாது.”

அவள் அந்தக் கணக்கைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். நீங்கள் என்னிடம் வந்தது அவளால்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் வேலையை அவள் சரியாகச் செய்தாள்.

வியாழன் மதியம் அண்ணி எழுதினார்.

“மேடம், நாளைக்குள்ள நீங்க வரலைன்னா நானே போயிடுறேன். வழக்கு என்ன ஆனாலும் பரவால்ல. பை கட்டி வெச்சுட்டேன். அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில இருக்கு.”

இதைப் படித்ததும் எழுந்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். ஏன் என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். நேற்று சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன்தான் வளர்த்தான். படிக்க வைத்தான், வயிறாரச் சோறு போட்டான். வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தான். முதல் முறை என்ன தப்புச் செய்தேன் என்று நினைவில்லை. கடைசி முறை எனக்கு இருபத்துநாலு வயது. அவன் கலியாணத்துக்கு ஒரு வாரம் முன்பு. பந்தியில் நான் நிற்கக்கூட முடியாமல் நின்றேன். மாப்பிள்ளைத் தம்பிக்குக் கலியாண அலைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அண்ணி வந்தார். அந்த நாளிலிருந்து என்மேல் ஒரு விரல் படவில்லை.

வாட்சின் சத்தம் கேட்கும். என் அறையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தம் எனக்கானது இல்லை என்று என் உடம்புக்குப் புரியவே இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். எடை கூடியது. வேலையில் பெயர் கிடைத்தது.

அண்ணி போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அண்ணனும்தான்.

நீயும் வெளியே போயிருக்கலாமே என்பீர்கள். அது எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லை, தோன்றவே இல்லை.

அதிகாரியாகப் பதில் எழுதினேன்.

“நாளை மாலை நான்கு மணிக்கு நானே வருகிறேன். கதவை உள்ளே தாழிட்டு வையுங்கள். நான் வந்து தட்டுவேன்.”

“நீங்க நல்லா இருக்கணும் மேடம்.”

வெள்ளி மாலை மூன்றரை மணிக்கு அலுவலக மாடிப்படியில் நின்று அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். இதுதான் நீங்கள் கேட்க விரும்பியது என்று நினைக்கிறேன். ஆம். நான்தான் கூப்பிட்டேன். அதிகாரியின் வண்டி வராவிட்டால் அண்ணி தானாகவே போய்விடுவார். யாராவது தடுக்க வேண்டும். என்னால் முடியாது.

“அண்ணா, அண்ணி எங்கயோ கிளம்பற மாதிரி தெரியுது. கொஞ்சம் வீட்டுக்குப் போய்ப் பாரேன்.”

“எங்க?”

“தெரியல. பை கட்டியிருக்காங்க.”

பின்னால் வண்டிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பை எங்க இருக்கு?”

சொன்னேன்.

“நல்ல வேளை, சொன்னே. நீயாவது எனக்கு இருக்கியேடா.”

அவன் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேசைக்குத் திரும்பும்போது எனக்குக் கண் கலங்கியிருந்தது. பையைப் பிடுங்கி வைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அடிப்பான் என்று தெரியும். உயிர் போகும் என்று தெரியாது. அண்ணியைக் கொன்றது அவன்தான். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். நான் தொட்டது ஒரு பொத்தானை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணி ஒரு செய்தி அனுப்பினார்.

“மேடம், ஒரு உதவி. நான் போனப்புறம் என் கொழுந்தன் இவர்கிட்டத் தனியா மாட்டிக்குவான். சின்ன வயசுல ரொம்ப அடி பட்டவன். என்கிட்டச் சொன்னதில்ல, முதுகைப் பாத்திருக்கேன். அவன் ஆபீசுக்கு நேராப் போய் அவனையும் கூட்டிக்கிட்டுப் போக முடியுமா?”

அதைப் பல முறை படித்தேன். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுக்க மாட்டான். பழைய பொத்தானைத் திருப்பி வைத்திருக்கலாம். ஒரு வரி மாற்றம், ஒரு நிமிட வேலை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். தவறு நடந்தால் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார்கள்.

“செய்கிறேன்” என்று எழுதினேன்.

தாழ் உடைக்கப்படவில்லை, உள்ளேயிருந்து திறக்கப்பட்டிருக்கிறது, ஏன் திறந்தார் என்று புரியவில்லை என்றீர்கள். எங்கள் சர்வரிலிருந்து நீங்கள் எடுத்த பிரதியில் அதற்கு விடை இருக்காது. தொடர்பு அறுந்து இரண்டு நாள் ஆனால் சர்வர் அந்தத் திரையை மறந்துவிடும். அனுப்பியவை மட்டும் மிஞ்சும். கடைசி வரியை அண்ணி அனுப்பவில்லை. நான்கு மணி ஆறு நிமிடத்துக்குப் பெட்டியில் எழுதினார், எழுதிவிட்டுக் காத்திருந்தார். அவர் தொடர்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பாத வரிக்கு எந்த அதிகாரியும் பதில் எழுத முடியாது. எழுதியிருந்தால், அழிப்பதையும் நான் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். அதை அவர் தாங்கியிருக்க மாட்டார்.

“மேடம், கதவத் தட்டறது நீங்கதானே?”