பிரசவ அறைக் கதவில் ஒரு பலகை

விழாத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, மருத்துவமனைப் பொறுப்பாளர் அம்மா அவர்களே, கல் சுமந்து சுவர் எழுப்பிய கொத்தனார் அண்ணன்களே, சித்தாள் அக்காக்களே, நாற்காலி கிடைத்த சான்றோர்களே, கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, பெற்றவர்களே, பெற்றும் பறிகொடுத்தவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் நன்றியுரை சொல்ல ஏற்றிவிட்டார்கள். பட்டம் வந்தால் பேச்சும் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள், அது வரவில்லை. அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். எழுதத் துணிந்ததையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை அண்ணன் ஒருவர் சொல்கிறார், "சத்தமாப் பேசும்மா, ஒண்ணும் கேக்கல" என்று. பேசுகிறேன் அண்ணா. நீங்கள் சொன்ன அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருங்கள். எனக்குப் பிறகு தேவைப்படும்.

புதுக் கட்டடத்தைப் பார்த்தேன். புதுக் கட்டில், புது விளக்கு, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் தரை. குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு கதை சொல்ல வந்தேன்.

நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில், பிசிறு வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிடுவோம். பல மொழிப் பெண்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பிரசவத்தில் வந்துதான் நிற்கும். காஜா எடுக்கும் அக்கா சொன்னார், "எங்க பக்கம் படுக்கவே விடமாட்டாங்க. உத்தரத்துல கயிறு கட்டித் தொங்கவிடுவாங்க. அதப் புடிச்சுக்கிட்டு முட்டி போட்டுத்தான் பெத்துக்கணும்." இஸ்திரி போடும் அக்கா சொன்னார், "எங்க பக்கம் புருஷன் பின்னால உக்காந்து முதுகைத் தாங்கணும். எங்காளு மயக்கம் போட்டுட்டாரு. எல்லாரும் என்னை விட்டுட்டு அவருக்குத் தண்ணி தெளிச்சாங்க."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காதவர் ஒருவர்தான், என் அண்ணி. அவர் வேற்று மொழிக்காரர். அதே கூடத்தில் என் அண்ணனைப் பார்த்து, பழகி, எங்கள் வீட்டுக்கு வந்தவர். அவர் சொன்னார், "எங்க பக்கம் கத்துவாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானா? இல்லை. அவர்கள் பக்கத்தில் அந்தக் கத்தல்தான் தகவல். கதவுக்கு வெளியே பெண்கள் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார்களாம். குரல் உச்சத்தில் இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. குரல் அடிவயிற்றுக்கு இறங்கினால் துணியை எடு, உள்ளே ஓடு. கத்துகிறவளைக் கண்டு அவர்களுக்குப் பயமில்லை. கத்தாதவளைக் கண்டால்தான் பயம்.

எங்கள் வீட்டில் எப்படி? என் அம்மா பெருமையாகச் சொல்வார், "மூணு பெத்தேன். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது." அம்மாவின் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்வார். எங்கேயோ விழுந்துவிட்டார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தப் பல் நான் பிறந்தபோது உடைந்தது. துண்டைக் கடித்ததில் உடைந்தது.

ஒரு வீட்டில் குரல் தகவல். ஒரு வீட்டில் மௌனம் மானம். இரண்டும் ஓர் அறையில் சந்தித்தால் என்ன ஆகும்?

இதே மருத்துவமனையின் பழைய கட்டடம், அண்ணியின் முதல் பிரசவம். அண்ணி தங்கள் பக்கத்து வழக்கப்படி கத்தினார். தொடையில் ஓர் அடி விழுந்தது. "ஊரையே கூட்டுவியா? கதவுல போர்டு மாட்டியிருக்கே, படிக்கத் தெரியாது?" என்றார் நர்ஸ். படிக்கத் தெரியாதுதான்; அப்போது அண்ணிக்கு நம் எழுத்து தெரியாது. அதற்குமேல் இன்னொரு வார்த்தையும் வந்தது. அதை மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே நிற்கும் தாய்மார்களுக்குத் தெரியும். உங்களில் பலர் காதால் கேட்டதுதான்.

வெளியே நின்ற என் அம்மா கதவோடு வாயை வைத்துச் சொன்னார், "பல்லைக் கடிச்சுக்கம்மா. நம்ம மானம் போகுது."

புது மருமகள். சொன்ன பேச்சைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டார்.

"அடங்கிட்டா. இன்னும் நேரமிருக்கு" என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அறை நிறையப் பெண்கள்; பார்க்க அவர் ஒருவர்தான். அவர் ஒருவர் தலையில் மட்டும் இதைக் கட்ட நான் வரவில்லை. ஆனால் அதற்குள் அண்ணிக்குக் குழந்தை வந்துவிட்டது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. எடுத்துவிட ஒரு கை இல்லை. குழந்தை அழவில்லை. அந்தப் பலகை சொன்னதை முழுமையாகக் கேட்டு நடந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அன்று திரும்பும் வழியில் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கும் கத்தணும்னுதான் இருந்துச்சு. மூணு தடவையும்."

சான்றோர்களே, சந்தையில் விலை கூவுகிறவன் கத்தலாம். சண்டையில் சட்டையைப் பிடித்தவன் கத்தலாம். பந்து கோட்டைத் தாண்டினால் பக்கத்துத் தெருவரை கத்தலாம். இந்த விழாவுக்காகக் காலையிலிருந்து ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருக்கிறது, யாரும் அதன் தொடையில் அடிக்கவில்லை. உடம்பைப் பிளந்து ஓர் உயிரைத் தருகிறவள் மட்டும் உதட்டைப் பூட்டிக்கொள்ள வேண்டுமா? யாருடைய தூக்கம் கெடும் என்று? யாருடைய மானம் போகும் என்று?

சீட்டு வந்திருக்கிறது, சீக்கிரம் முடிக்கச் சொல்லி. முடிக்கிறேன் ஐயா.

அண்ணி இப்போது மறுபடியும் நிறைமாதம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, வீட்டில் பெற்றால் ஆபத்து என்று இங்கேதான் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும். "வீட்டுல செத்தாலும் கத்திட்டுச் சாவேன். அங்க வரமாட்டேன்" என்றார். நான்தான் இன்று காலை கெஞ்சிக் கூட்டிவந்தேன். "புதுக் கட்டடம் அண்ணி. எல்லாம் மாறிடுச்சு, வந்து பாருங்க" என்றேன். தாழ்வாரத்தின் கடைசிவரை வந்தார். பிரசவ அறைக் கதவின் முன்னால் நின்றார். இப்போது அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும், கற்றுக்கொடுத்தவள் நான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்: அமைதி காக்கவும்.

அதே பழைய பலகை. புதிதாக வண்ணம் பூசியிருக்கிறது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. இத மட்டும் பத்திரமா எடுத்துட்டு வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இப்போது வாசலுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒலிபெருக்கி அவருக்கும் கேட்கும்.

தலைவர் ஐயா, நாடா வெட்டக் கத்தரிக்கோல் தட்டில் காத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வரவழையுங்கள். அந்தப் பலகையைக் கழற்றி, எங்கள் அண்ணி கண்ணில் படும்படி வாசல் வழியாக வெளியே கொண்டுவாருங்கள். பின்வரிசை அண்ணா, எனக்குச் சொன்னீர்களே, "சத்தமா" என்று, அதை அந்தக் கதவுக்குப் பின்னால் கிடக்கப்போகிற பெண்களுக்கும் ஒருமுறை சொல்லுங்கள்.

நன்றியுரைக்குத்தான் என்னை அழைத்தீர்கள். நன்றியை நான் இன்னும் சொல்லவில்லை. பலகை இறங்கட்டும், சொல்கிறேன். அதுவரை, வணக்கம்.