தறியோடு சேர்த்து ஆறு பேர்

யுத்த காலத்தில் ஒரு நாள், திருத்தணி மலையடிவாரத்து ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். ரங்கூன் அரிசி வருவது நின்றுபோய், நொய்யின் விலைகூட ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கு முன்னால் நாற்று நடப் போகும் வயதான கூலிக்காரி.

"உங்க ஊட்ல எத்தினி பேரும்மா?" என்று கேட்டாள் கூலிக்காரி.

"தறியோட சேத்து ஆறு பேருக்கா."

"தறியா சோறு துன்னுது?"

"ஆங். பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடலன்னா அறுந்துகினே இருக்கும். முன்ன அதுக்குன்னு மலிவா ரங்கூன் அரிசி வாங்குவோம். இப்ப அதுக்கும் எங்களுக்கும் ஒரே அரிசிதான். அது குடிச்ச மிச்சம்தான் எங்களுக்கு."

"அப்ப புள்ளைங்க?"

"நேத்து வயிறு நெறைய குடிச்சாங்க. நூலுக்குக் காச்சின கஞ்சில கை தவறி உப்பு போட்டுட்டேன். உப்பு பட்டா நூலு ஈரத்த இழுக்கும், பாவுக்கு ஆவாது. எங்க ஊட்டுக்காரரு என்னைத் திட்டிகினே புள்ளைங்களுக்கு ஊத்திட்டாரு."

கூலிக்காரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"எத்தினி வருசமா கஞ்சி காச்சற?"

"பதினாலு வருசமா."

"இதுக்கு முன்ன எப்பனா கை தவறிச்சா?"

அவள் காலிப் பையை உதறி மடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. இனிமேலும் தவறக் கூடாது. புடவ முடியலன்னா கூலி கெடையாது."