அலைக்குப் போக மிச்சம்

தங்கத்துரை: இன்னும் முடியேல்லையோ பிள்ளை? நான் ரெண்டு தேத்தண்ணி குடிச்சு, சோறும் திண்டு, இறங்குதுறையில ஒரு கப்பலையும் பாத்திட்டு வாறன்.

கஜேந்தினி: அறுவது வீதம் முடிஞ்சுது மாமா. இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும்.

தங்கத்துரை: ஈச்சிலம்பற்றில இருந்து பஸ்ஸில ஆடி ஆடித்தான் வந்தனான். இனிக் கதிரை ஆடினா என்ன.

கஜேந்தினி: நாலு மணிக்கு முதல் மீன்பிடிக் கந்தோருக்கு அனுப்பினாக் காணும்தானே?

தங்கத்துரை: ஓம். தாண்டினா முறைப்பாட்டை எடுக்க மாட்டினமாம். கடல்ல டைனமைற் போடுறாங்கள், மூண்டு நாள் காலமை போய் கமெராவில எடு எண்டு மீனவர் சங்கத்தில என்னைப் பிடிச்சு விட்டவை. செயலாளர் எண்டா இதும் ஒரு வேலை... எடுத்ததை உன்ர கடையிலதான் குடுக்க வேணுமெண்டும் அவைதான் சொன்னவை.

கஜேந்தினி: நல்லதுதானே. வீடியோ எண்பது ஜீபி இருக்கு. கந்தோரில ரெண்டு ஜீபிக்கு மேல எடுக்காது. என்ர பழைய மிசின் எண்டா, இதைச் சுருக்கி முடிக்க நாளைக்கு விடிஞ்சிடும்.

தங்கத்துரை: இது மட்டும் என்னெண்டு பறக்குது?

கஜேந்தினி: உள்ளுக்க புதுசா கிராபிக்ஸ் கார்ட் போட்டிருக்கிறன்.

தங்கத்துரை: கேம் விளையாடுற பெடியள் வாங்குறதோ?

கஜேந்தினி: அதேதான். கரைவலை இழுக்க எட்டுப் பலசாலி நிண்டாக் காணுமோ மாமா?

தங்கத்துரை: எட்டுப் பேரோ... வலை வராது. அவங்கள்தான் கடலுக்க போவாங்கள்.

கஜேந்தினி: பழைய மிசின் அந்த எட்டுப் பேர் மாதிரி. நல்ல கெட்டிக்காரர், ஆனா எட்டே பேர். இந்தக் கார்டுக்குள்ள ஆயிரக்கணக்கில சின்ன ஆக்கள். பெரிய விசயம் ஒண்டும் தெரியாது. படத்தைச் சின்னச் சின்னச் சதுரமா வெட்டி ஆளுக்கொண்டு குடுத்தா, எல்லாரும் ஒரே நேரத்தில இழுப்பினம்.

தங்கத்துரை: எங்கட சங்கக் கூட்டம் மாதிரி இல்ல. அங்க ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம்... சரி, இழுத்து என்ன செய்யினம்?

கஜேந்தினி: முதல் படத்தை முழுசா எழுதி வைப்பினம். அடுத்த படத்தில எது மாறினதோ அதை மட்டும் எழுதுவினம். கலியாண வீடியோ எண்டா சுகம். சுவர் அசையாது, மணவறை அசையாது, மாப்பிள்ளையும் அசைய மாட்டார்.

தங்கத்துரை: பாவம், அதுக்குப் பிறகும் அவருக்கு அசைய ஏலாது.

கஜேந்தினி: மாமிட்டச் சொல்லட்டோ?

தங்கத்துரை: வேண்டாம், நான் வீட்டை போக வேணும்.

கஜேந்தினி: கடல்தான் இதுக்குப் பெரிய தலையிடி. ஒரு அலையும் முந்தின அலை மாதிரி இல்ல. எல்லாச் சதுரமும் மாறிக்கொண்டே இருக்கும். இருக்கிற ரெண்டு ஜீபியையும் அலையே திண்டிடும்.

தங்கத்துரை: அப்ப... மற்றதுக்கு?

கஜேந்தினி: அலைக்குப் போக மிச்சம்தான்.

தங்கத்துரை: மிச்சம் காணாட்டி எது முதல்ல போகும்?

கஜேந்தினி: சின்னன் சின்னன்தான். தூரத்து முகம், வலைக் கண், மீன்பிடிப் போட்டில எழுதின எழுத்து...

தங்கத்துரை: எழுத்தோ?

கஜேந்தினி: ஓம். மழையில நனைஞ்ச மாதிரிக் கரைஞ்சு வரும்.

தங்கத்துரை: போட் நம்பரும்?

கஜேந்தினி: அதுவும் எழுத்துத்தானே.

தங்கத்துரை: ம்... நல்லது.

கஜேந்தினி: நல்லதோ?

தங்கத்துரை: இல்ல... நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கிறாங்கள் எண்டன்.

கஜேந்தினி: கம்பஸில படிக்கிற பிள்ளையள் கூட என்னட்ட இவ்வளவு கேள்வி கேக்கேல்ல மாமா.

தங்கத்துரை: அறிய ஒரு ஆசை. அறுவத்திரண்டு வயசில அறியக்கூடாதோ... கந்தோரில ஆரும் பெரிசாக்கிப் பாத்தா, போன எழுத்துத் திரும்பி வருமோ?

கஜேந்தினி: வராது. எறிஞ்சது எறிஞ்சதுதான். உங்கட கமெரா சிப்பில மட்டும் பழசு இருக்கும்.

தங்கத்துரை: அதை என்னட்டத் தந்திடு. போற வழியில கடல்ல விழுந்தாலும் விழும்... வயசு போன கை.

கஜேந்தினி: வெடி வைக்கேக்க நீங்க எவ்வளவு தூரத்தில நிண்டனீங்க?

தங்கத்துரை: இஞ்ச இருந்து அந்தப் பெற்றோல் செட் தூரம். தண்ணி பனை உயரத்துக்கு எழும்பினது. பிறகு மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கொண்டு மிதந்தது. குஞ்சும் குருமானும் கூட. பெரிசை மட்டும் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். எனக்கு அழுகைதான் வந்தது பிள்ளை. நாப்பது குடும்பம், ஒரு மாசமா வெறும் வலை.

கஜேந்தினி: ஆர் அவங்கள்?

தங்கத்துரை: ஆரோ. வெயில் கண்ணுக்க அடிச்சது.

கஜேந்தினி: மூண்டு நாளுமோ?

தங்கத்துரை: மூண்டு நாளும் வெயில்தானே.

கஜேந்தினி: நம்பர் தெரியாட்டி ஆரைப் பிடிப்பினம்? கடலையோ?

தங்கத்துரை: ஆளைப் பிடிக்கத்தான் வேணுமெண்டில்ல. வெடி வைக்கினம் எண்டு தெரிஞ்சாக் காணும். ரோந்து ரெண்டு தரம் வந்து போனாப் பயந்து விட்டிடுவாங்கள்.

கஜேந்தினி: ம்... அப்பாவைக் கண்டனீங்களோ?

தங்கத்துரை: கண்டனான்... முந்தநாள். கை ஆறிக்கொண்டு வருது.

கஜேந்தினி: போன ரெண்டு விரலும் முளைச்சிட்டுதோ?

தங்கத்துரை: என்ன கதை பிள்ளை இது. இஞ்சினுக்க கை போனா அப்பிடித்தான்.

கஜேந்தினி: இஞ்சினுக்க எண்டு ஆர் சொன்னது?

தங்கத்துரை: அப்பாதான்.

கஜேந்தினி: ஓம். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னவர்.

தங்கத்துரை: முடிய இன்னும் எவ்வளவு கிடக்கு பிள்ளை?

கஜேந்தினி: மாமா, ஒண்டு சொல்ல மறந்திட்டன். படத்தில ஒரு பெட்டி கீறி, அலை என்னவாப் போனாலும் பரவாயில்ல, இந்த இடத்தை மட்டும் தெளிவா வை எண்டு சொன்னா, அப்பிடியே வைக்கும். போட் போற பக்கம் பெட்டியும் போகும்.

தங்கத்துரை: அப்பிடியும் ஏலுமோ?

கஜேந்தினி: ஏலும்.

தங்கத்துரை: வேண்டாம் பிள்ளை. நேரம் போயிடும். மூண்டு மணியாகுது.

கஜேந்தினி: அதுக்கெண்டு தனி நேரம் தேவையில்ல. தொண்ணூத்தெட்டு வீதம்.

தங்கத்துரை: கஜேந்தினி... நான் சொல்லுறதைக் கேள். அந்த வீடியோவைத் திறந்து பாக்காத. சுருக்கினபடியே அனுப்பி விடு. சங்கத்துக்கு நான் பதில் சொல்லுறன்.

கஜேந்தினி: ஏன் பாக்கக்கூடாது?

தங்கத்துரை: சில போட்டை உனக்குத் தெரிஞ்சிருக்கும்... அதுக்குத்தான்.

கஜேந்தினி: முடிஞ்சுது. இஞ்ச வந்து பாருங்கோ. கடல் கஞ்சி மாதிரி. நடுவில மஞ்சள் எழுத்து. வாசிக்க ஏலுதோ?

தங்கத்துரை: ...ஓம். கண்ணாடி இல்லாமலே.

கஜேந்தினி: அனுப்பட்டோ?

தங்கத்துரை: நீ எப்ப பெட்டி கீறினனீ?

கஜேந்தினி: நீங்க முதல் தேத்தண்ணி குடிக்கப் போன உடன. அந்த நம்பரை போன பொங்கலுக்கு நான்தானே எழுதினனான் மாமா. பெயின்ற் வழிஞ்ச இடம் கூட அப்பிடியே இருக்கு.

தங்கத்துரை: அப்ப தெரிஞ்சுகொண்டுதானோ... அது உன்ர அப்பா, பிள்ளை.

கஜேந்தினி: ஓம். அவருக்கு இன்னும் எட்டு விரல் இருக்கு. அதுவாவது மிஞ்சட்டும்.