ஸ்கார்லி என்ற பெயர்

மார்ச் மாதத்தில் விருந்தாளி வந்தால் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான். ஆடுகள் சினையாக இருக்கும், பாதையெல்லாம் பாதி பனியும் பாதி சேறுமாகக் கிடக்கும். ஆனாலும் வெண்டலுக்கு மாடியறையைச் சூடாக்கிக் கொடுத்தேன், புது விரிப்பு போட்டேன். போலீஸ் விசாரணைக்கு வந்தபோது நீங்களே அதைப் பார்த்தீர்கள்.

அவர் மின்னசோட்டாக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். முழுப் பெயர் வெண்டல் ஸ்கார்லி. என் பண்ணையின் பெயரும் ஸ்கார்லி, என் பெயருக்குப் பின்னால் வருவதும் அதுதான். வாசலில் இறங்கியதுமே என்னைக் கட்டிக்கொண்டு, நாம் சொந்தம் என்றார். அவர் ஊரில் ஸ்கார்லிகள் நூறு பேர் வருஷாவருஷம் பூங்காவில் கூடிச் சாப்பிடுவார்களாம். அதற்கென்று பெயர் அச்சடித்த பனியனில் ஒன்றை எனக்கும் கொண்டுவந்திருந்தார். அளவு சரியாகவே இருந்தது.

நாங்கள் சொந்தம் இல்லை. நம் பக்கத்தில் எந்தப் பண்ணையில் குடியேறுகிறோமோ அதன் பெயர்தான் நம் பெயர். என் தாத்தா கடற்கரைக்காரர். கடனில் முழுகிப்போன ஸ்கார்லியை ஏலத்தில் எடுத்தார், பெயரும் கூடவே வந்தது. சட்டப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. வெண்டலோ சர்ச் பதிவேடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போயிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா குன்னுல்ஃப், ஸ்கார்லிப் பண்ணை வீட்டின் இளைய மகன். அண்ணன்காரன் ஏரிக்கு அக்கரையில் ஒரு குடிசையும் கையகல நிலமும் கொடுத்து ஒதுக்கிவிட, அங்கிருந்துதான் கப்பல் ஏறியிருக்கிறார். ஆக, ரத்தம் அவருடையது, ரசீது என்னுடையது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த மனிதர் வாயைத் திறந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய பேச்சு வந்தது. அமெரிக்காவில் வீட்டுக்குள்ளேயே அதைப் பொத்திவைத்துப் பேசியிருக்கிறார்கள். நான் இங்கேயே பிறந்தவன். இருந்தும் தாத்தாவின் கடற்கரை உச்சரிப்பு என் நாக்கை விட்டுப் போகவில்லை. கூட்டுறவுக் கடையில் இன்றும் என்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த வாரம் கடையில் கல்லாவிலிருந்த போர்கில், "என்னங்க, வீட்டுக்காரர் வந்துட்டாராமே. வாடகை எவ்வளவு சொல்றாரு?" என்றாள்.

பக்கத்துப் பண்ணை தோர்கெல் விடவில்லை. "அவரு பேசுறதக் கேட்டா எங்கப்பனே எந்திரிச்சு வந்தாப்ல இருக்குய்யா. நீயும்தான் அறுபது வருஷமாப் பேசுறே" என்றான்.

கேலிதான். எனக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனோம். பண்ணைக்கு ஒரு பெஞ்சு என்ற வழக்கமெல்லாம் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் முன்வரிசையில் ஸ்கார்லி என்று செதுக்கிய பெஞ்சு இன்னும் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் உட்காருவோம். என் மனைவியை அடக்கம் செய்த அன்றும் அவள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போதகர் வெண்டலின் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நெஜமான ஸ்கார்லி ஒருத்தர் இங்க உக்காந்து நூறு வருஷமாச்சு."

அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளி உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

பிறகு காப்பி குடிக்கும்போது வெண்டல் ஒன்று கேட்டார். குன்னுல்ஃபின் மூத்த பிள்ளைக்குப் பிப்ரவரியில் ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, அந்தக் குளிரில் அக்கரையிலிருந்து எப்படித் தூக்கிவந்திருப்பார் என்று. உறைந்த ஏரியின் மேல் நடந்துதான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் முன் அதே வழியில் ஒரு தடவை நடக்க வேண்டும் என்றார்.

"கெளை நட்ட வழியிலயே போங்க, அதை விட்டு வெலகாதீங்க" என்றேன்.

"தெரியும்யா. எங்க தாத்தா சொல்லிருக்காரு. கெளை நடுறது ஸ்கார்லிக்காரங்க பொறுப்பாச்சே."

உண்மைதான். ஏரி கனமாக உறைந்ததும் மரக்கிளைகளை வரிசையாக நட்டுப் பத்திரமான வழியைக் காட்டுவது எங்கள் பண்ணையின் வேலை. பாலம் கட்டிய பிறகும் நாங்கள் அதை விடவில்லை. ஆறு வந்து விழும் இடத்தில் பனி அடியிலிருந்து கரையும், மேலே மட்டும் வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். அதனால் வழி அங்கே நன்றாக வளைந்து போகும்.

திங்கட்கிழமை காலையில் அவர் நடந்தார். நான் தொழுவத்தில் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் வரை திரும்பவில்லை என்று உங்களுக்குப் போன் செய்தவனும் நான்தான். அவர் ஏரியில் மூழ்கிப்போன செய்தி கேட்டு அவருடைய மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு எனக்கு நன்றி சொன்னாள். பரவாயில்லை என்றேன்.

நீங்கள் அப்போது ஒழுங்காகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்களோ கிளைகளைப் பார்த்தீர்கள், என் நரைத்த தலையைப் பார்த்தீர்கள், பாவம் என்று முதுகில் தட்டிவிட்டு, கிளை நட்ட வயதானவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது ஊரே அதைப் பேசுகிறது. நேற்றுக் கடையில் நான் நிற்பது தெரியாமல் தோர்கெல் சொன்னான்: "கடக்கரைக்காரனுக்கு நம்ம ஏரியப் பத்தி என்ன தெரியும்? நெஜ ஸ்கார்லியா இருந்தா கெளைய அங்க நட்டிருப்பானா?"

அதனால்தான் வந்தேன்.

ஞாயிறு மதியம் தோர்கெல் வீட்டில் வெண்டலுக்கு விருந்து, என்னை அழைக்கவில்லை. நான் ஏரியில் இறங்கி வளைவிலிருந்த கிளைகளைப் பிடுங்கினேன். கோலால் தட்டித் தட்டிப் பார்த்து, என்னைத் தாங்கும் எல்லைவரை போய் ஆற்றுவாய்க்கு இந்தப் பக்கம் சில கிளைகள் நட்டேன். பிறகு சுற்றிப் போய் அந்தப் பக்கம் சில நட்டேன். நடுவில் எதுவும் நட வேண்டியிருக்கவில்லை, ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு நேராக நடந்துவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது அந்த வழியில் வரக்கூடும் என்றும் யோசித்தேன். யோசித்த பிறகுதான் நட்டேன்.

என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். கவனக்குறைவு என்று எழுதினீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த ஏரியில் பனி எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று ஒரு ஸ்கார்லிக்காரனுக்குத் தெரியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.