இழுவை குறைந்தால்

வேக்குவம் கிளீனரில் இழுவை குறைந்துவிட்டால் எடுத்த எடுப்பிலேயே மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. பத்துக்கு ஒன்பது தரம் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். அடைப்பு வேறு எங்கேயாவது இருக்கும். அந்த மிஷினை நீங்கள் மேசை மேல் வைத்திருப்பதால் சொல்கிறேன். உங்கள் தலைக்கு மேல் ஓடும் ஃபேனில் ஒரு நட்டு லூசாக இருக்கிறது ஐயா. அதை யாராவது முடுக்கிவிட்டால் நான் உட்கார்ந்து பேசுவேன். இல்லாவிட்டால் இப்படித்தான் எழுந்து எழுந்து நடப்பேன். நீங்கள் இருமி முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

என் பெயர் தனபால். சூலூரில் முப்பது வருஷம் பன்னிரண்டு தறி ஓட்டினேன். தறிக்காரன் சத்தத்தில் தூங்குவான், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். ஏதாவது ஒரு தறி தாளம் தப்பினால், எச்சில் கையோடு எழுந்து போய் அதைச் சரி செய்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். என் மனைவி மாசாணியம்மாள் தட்டை மூடி வைத்துக் காத்திருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தறிகளை விற்றுவிட்டு, வீட்டை ஒட்டிய கொட்டகையைக் கழிவுப் பஞ்சுக் குடோனுக்கு வாடகைக்கு விட்டேன். வீடு அமைதியானது. அன்றைக்குத்தான் அவள் மூச்சு விடுவது என் காதில் விழுந்தது. இழுக்கும்போது ஒரு கீச்சு, விடும்போது இரண்டு. பத்து வருஷமாகவே வீசிங் இருந்ததாம். தறிச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

பஞ்சுத் தூசி ஆகவே ஆகாது, ஜன்னலைச் சாத்தி வையுங்கள், விளக்குமாறு வேண்டாம் என்றார் டாக்டர். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரித்திகா இந்த மிஷினை வாங்கி அனுப்பினாள். “பொடித்தூசியக்கூடப் பிடிக்கிற ஃபில்டர் இருக்குதுங்கப்பா. அம்மா ரூமுக்குத் தினம் ஒருக்கா போட்டுருங்க” என்றாள். போட்டேன். கீச்சு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. விட்டு விட்டு வரும் சத்தம் இன்னும் மோசம் ஐயா. அடுத்தது எப்போது என்று காது காத்துக்கொண்டே இருக்கும். வேலையே இல்லாமல் திருப்பூர் பஸ் ஏறிப் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். பஸ்ஸிலும் கேட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

மாசியில் மிஷினின் இழுவை குறைந்தது. பையைக் காலி செய்தேன். குழாயில் ஒரு கோலிக்குண்டைப் போட்டேன். தடையில்லாமல் மறுமுனையில் விழுந்தது. பிரஷ்ஷில் சுற்றியிருந்த அவளுடைய முடியைக் கத்தரித்தேன். மூடி ரப்பரில் வெடிப்பு இல்லை. கடைசியாக ஃபில்டரைக் கழற்றினேன். பஞ்சு அப்பி மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். உள்ளங்கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் வெளியே வரும் காற்றில் மட்டும் கொஞ்சம் பொடி பறந்தது. புதிதாக வந்தபோதுகூட அப்படி இழுத்ததில்லை.

ஃபில்டர் அடைத்துவிட்டது என்று போனில் சொன்னதும், ஒரே வாரத்தில் ரித்திகா புதியது அனுப்பினாள். அதைப் பரண் மேல் வைத்தேன். நன்றாக ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது என்பது தறிக்காரன் பழக்கம்.

தினம் ஒருமுறை போட்டதை மூன்று முறையாக்கினேன். அது ஓடும்போது கீச்சும் கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, அவள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவேன்.

“ஏனுங்க, அதப் போட்டாத்தான் எனக்கு மூச்சு முட்டுதுங்க. சித்த நிறுத்திப்போடுங்க” என்றாள்.

“இப்பத்தான் நல்லா இழுக்குது மாசாணி” என்றேன்.

இன்னொரு நாள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முப்பது வருசம் தறி ஓட்டுனீங்க, ஒரு நாளுந் துண்டு கட்டுனதில்லீங்களே” என்றாள். நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிஷினைப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் மிஷினை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நான் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வைகாசி ஏழாம் தேதி, காலை பதினொரு மணி. அறையை முடித்துவிட்டு மிஷினை நிறுத்தினேன். கீச்சு இல்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். எதுவுமே தாளம் தப்பவில்லை. சமையலறைக்குப் போய், நடுவில் எழுந்திருக்காமல் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டேன். கை கழுவிய பிறகுதான் பக்கத்து வீட்டில் சொன்னேன்.

காரியம் முடிந்த மறுநாள் ரித்திகா அம்மாவின் அறையைச் சுத்தம் செய்ய மிஷினைத் திறந்தாள். “இதுல இருந்த ஃபில்டர் எங்கீங்கப்பா?” என்றாள். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டேன், புதியது பரண் மேல் கவர்கூடப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது கண்ணு என்று உள்ளதைச் சொன்னேன். பரண் மேல் ஏறி அந்தக் கவரை எடுத்துப் பார்த்தாள். பிறகு மிஷினைத் தூக்கிக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். படித்த பெண், கொஞ்சம் அவசரக்காரி. பிள்ளை மனது அப்படித்தான் இருக்கும்.

இழுவை குறைந்தது, சரி செய்தேன். மிஷினைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. இதுதான் என் வாக்குமூலம். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாளைக்கு ஒருவர் வந்து மிஷினை இங்கே ஓட்டிப் பார்ப்பார் என்றீர்கள். அப்போது இந்த ஜன்னலைத் திறந்து வையுங்கள் ஐயா, நீங்களும் வெளியே போய் நில்லுங்கள். வந்ததிலிருந்து பார்க்கிறேன், உங்கள் மூச்சிலும் ஒரு கீச்சு கேட்கிறது.